தொட்டால் நிற்காத வார்த்தை

மார்ச் 4

அன்புள்ள அக்கா,

போன முறை போனில், “வர்றேன் வர்றேன்னு சொல்லியே நழுவிடுற. இனிமே உன்கூட போன்ல பேச்சே கிடையாது. எதுவா இருந்தாலும் எழுதிப் போடு, எழுதினது எங்கேயும் ஓடாது” என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாய். சரி, எழுதுகிறேன்.

எனக்கு வேலை மாறிவிட்டது. கைக்கும் முகத்துக்கும் பூசுகிற கிரீம் செய்யும் கம்பெனி. விளம்பரத்தில் என்ன எழுதலாம் என்று யோசிப்பதுதான் வேலை. தலையில் முடி இல்லாதவனை ஷாம்பு பக்கம் விடாமல் கிரீம் பக்கம் தள்ளியிருக்கிறார்கள் என்று நீ சிரிப்பாய். அதனால் நானே சொல்லிவிட்டேன்.

புதிதாக வரப்போகும் கிரீம் டப்பாவின் மேல் ஒரே ஒரு வார்த்தை வேண்டும் என்கிறார் முதலாளி. மென்மை, மிருது எல்லாம் ஆளாளுக்குப் போட்டுத் தேய்ந்துவிட்டன. எனக்கு ‘வழவழ’ பிடித்திருக்கிறது. சொல்லும்போதே நாக்கில் வழுக்குகிறது, இல்லையா? இந்த வார்த்தையைக் கேட்டதும் உனக்கு என்னென்ன தோன்றுகிறது என்று எழுது. மீன் கொட்டகையில் நாலு பேரோடு பேசிச் சிரித்துக்கொண்டே வேலை செய்கிறவள் நீ. ஜனங்கள் வாயில் இது எப்படிப் புழங்குகிறது என்று தெரிந்தால் எனக்கு உதவியாக இருக்கும்.

வேலை கொஞ்சம் ஓய்ந்ததும் கட்டாயம் வருகிறேன்.

உன் தம்பி


மார்ச் 11

டேய் மொட்டை,

லெட்டர் வந்தது. ‘கட்டாயம் வருகிறேன்’ என்ற இடத்தில் மட்டும் கொஞ்சம் வழுக்கியது. துடைத்துவிட்டுப் படித்தேன்.

நான் பள்ளிக்கூடத்தில் இருந்ததைவிட பள்ளிக்கூடத்து மதில்மேல் இருந்ததுதான் அதிகம். அதனால் எந்த ‘ழ’ போடுவது என்று பக்கத்தில் மீன் ஆய்கிற ஒல்லியைக் கேட்டேன். அவள், “வளவளன்னா வாய் ஓயாம பேசுறது. வழவழன்னா பிடி கொடுக்காம பேசுறது. உன் தம்பிக்கு எது வேணும்?” என்றாள். “ரெண்டும் அவன்கிட்ட ஏற்கெனவே இருக்குடி” என்றேன்.

கேட்டாய், சொல்கிறேன். சாப்பிடப் போகிற நேரமென்றால் இதை மடித்து வைத்துவிட்டு அப்புறம் படி.

காலையில் கொட்டகைக்குள் கால் வைத்தாலே வழவழ. முந்தின நாள் குடல் கழுவின தண்ணீர் மூலையில் தங்கி, மேலே பச்சையாய்த் தோல் கட்டியிருக்கும். செருப்பு பட்டால் தோல் விலகும், உள்ளே இருக்கிற வாடை வெளியே வரும். அப்புறம் விலாங்கு. உடம்பு முழுக்க அதற்குச் சளிதான் சட்டை. மூக்குச் சிந்தின விரலை உதறினால் நூல் மாதிரி இழுத்துக்கொண்டு தொங்குமே, அப்படித் தொங்கும். கல்லுப்பைப் போட்டுத் தேய்த்தால் நுரைநுரையாய் வழிந்து முழங்கை வரைக்கும் வரும். அதை வழித்து வழித்துப் போட்டுவிட்டு வீட்டுக்கு வந்து தட்டில் கை வைத்தால், சோறும் வழவழ என்றுதான் இருக்கும். சில நாள் அப்படியே மூடி வைத்துவிட்டுப் படுத்துவிடுவேன்.

குழாயடியில் எல்லோருக்கும் பொதுவாய் ஒரு சோப்பு டப்பா. அடியில் தண்ணீர் நின்று, சோப்பு ஊறிக் கூழாகி, அதில் யாருடைய முடியோ ஒன்று சுருண்டு கிடக்கும். உவ்வே. அதுவும் வழவழதான்.

மேஸ்திரியிடம் போய்க் கையுறை கேட்டால், “பாக்கலாம்மா, மேல சொல்லியிருக்கேன், வரும், வராம எங்க போகும்” என்பான். இது வழவழ கொழகொழ. இரண்டையும் சேர்த்து டப்பாவில் அடைத்தால் நல்ல விலை போகும்.

நல்லதே இல்லையா என்று கேட்காதே. உன் மாமா இருந்தவரைக்கும், சவரம் செய்து முடித்ததும் தாடையை நீட்டிக்கொண்டு வந்து நிற்பார். “தொட்டுப் பாரு, எப்படி வழவழன்னு இருக்கு!” தொட்டால் வழவழதான். ஆனால் சாயங்காலத்துக்குள் முள் முளைத்துவிடும். எனக்கு அந்த முள்தான் பிடிக்கும். அதை அவரிடம் சொன்னதில்லை, சொல்லியிருந்தால் சவரமே செய்யாமல் திரிந்திருப்பார்.

தலையணை மெத்துமெத்து. புதுத்துணி நைஸ். நீ பிறந்தபோது உன் கன்னம் பஞ்சு. மடியில் போட்டுக்கொண்டு கிள்ளிக் கிள்ளி அழவிட்டவள் நான், எனக்குத் தெரியும். இதெல்லாம் தொட்டால் கையிலேயே நிற்கும். தொட்டால் நிற்காமல் போகிறதே, அதைத்தான் நாங்கள் வழவழ என்போம். அதைப் போய் டப்பா மேலே போடாதே. வாங்குகிறவள் எங்கள் கொட்டகைக்காரியாக இருந்தால் உன் முதலாளி தலையில் கவிழ்த்துவிட்டுப் போவாள்.

உன் தலையும் வழவழதான். சொல்ல மறந்துவிட்டேன்.

அக்கா


மார்ச் 20

அன்புள்ள அக்கா,

உன் கடிதத்தை முதலாளிக்கே படித்துக் காட்டினேன், மொட்டை, தலை வருகிற இடங்களைத் தவிர. விழுந்து விழுந்து சிரித்தார். சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, “அப்ப வழவழன்னே வச்சுடலாம்” என்றார். பெரிய இடத்தில் முடிவுகள் இப்படித்தான் எடுக்கப்படுகின்றன.

இதோடு ஒரு டப்பா அனுப்பியிருக்கிறேன். பூசிப் பார்.

எனக்கு ஒரு சின்ன ஆசை. உன் வலது கையை ஒரு போட்டோ எடுத்து அனுப்புவாயா? உள்ளங்கை வேண்டாம், புறங்கை. நல்ல வெளிச்சத்தில், கிட்டத்தில் வந்து எடுக்கச் சொல். அம்மா போனதற்குப் பிறகு எனக்குச் சோறு போட்ட கை அது. பார்க்க வேண்டும் போல இருக்கிறது.

கழுவித் துடைத்தெல்லாம் எடுக்க வேண்டாம். வேலை முடிந்த கையோடு, அப்படியே இருக்கட்டும்.

உன் தம்பி


மார்ச் 29

டேய் தம்பி,

இந்த லெட்டரில் உன்னை மொட்டை என்று கூப்பிட மனசு வரவில்லை. கை கேட்டாயே. அதைப் படித்த அன்றைக்கு எனக்கு வேலையே ஓடவில்லை. மூக்கை உறிஞ்சிக்கொண்டே மீன் ஆய்ந்தேன். “வெங்காயம் கூட இல்லையே, எதுக்கு அழுவுற?” என்று ஒல்லி வேறு.

அவள்தான் போனில் படம் எடுத்தாள். போனிலேயே அனுப்பிவிடலாம் என்றாள். “போன்ல அவனுக்குப் பேச்சே இல்ல, கை மட்டும் குடுப்பேனா?” என்று சொல்லிவிட்டேன். கடையில் கொடுத்து அச்சுப் போட்டு இதோடு வைத்திருக்கிறேன். நன்றாகப் பார்த்துக்கொள். சுண்டுவிரல் கோணலாக இருக்கிறதே, அது ஐஸ் பெட்டி விழுந்தது. கட்டைவிரல் பக்கத்துக் கோடு மீன் முள் கிழித்தது. நகத்தில் கறுப்பாய் இருப்பது அழுக்கில்லை, நகமே அப்படி ஆகிவிட்டது. மற்றதெல்லாம் தண்ணீரும் உப்பும் தின்ற இடம்.

உன் கிரீமைப் பூசினேன். தம்பி அனுப்பியதாயிற்றே என்றுதான் பூசினேன். வாடிப்போன பூவைச் சர்க்கரைத் தண்ணீரில் ஊறப்போட்டு மறந்துவிட்ட மாதிரி ஒரு வாடை. பூசிக்கொண்டு படுத்தேன், தலையணை ஒட்டியது. மறுநாள் காலையில் விலாங்கைப் பிடித்தால், அது ஒரு பக்கம் வழவழ, நான் ஒரு பக்கம் வழவழ. துள்ளி மேஸ்திரியின் சட்டைப் பைக்குள் தலையை விட்டுவிட்டது. கொட்டகையே சிரித்தது. அவன் கத்தின கத்தலில் பாதிக்குப் பொருளே இல்லை.

டப்பாவை ஒல்லிக்குக் கொடுத்துவிட்டேன். முழங்கைக்குப் பூசுகிறாளாம். கோபித்துக்கொள்ளாதே. மீன் பிடிக்கிற கைக்குக் கொஞ்சம் சொரசொரப்பு வேண்டும்.

படத்தை மேசை மேல் வைத்துக்கொள். சாப்பிடும்போது மட்டும் கவிழ்த்து வை.

அக்கா


ஏப்ரல் 9

அன்புள்ள அக்கா,

படம் கிடைத்தது. மிக நன்றாக வந்திருக்கிறது. எல்லோரும் பாராட்டினார்கள். வேலை தலைக்கு மேல் இருப்பதால் சுருக்கமாக எழுதுகிறேன்.

ஒன்று சொல்ல வேண்டும். நீ வேலைக்குப் பஸ்ஸில் போகிறாய் அல்லவா? கொஞ்ச நாளைக்குப் பின்பக்கத் தெரு வழியாக நடந்தே போய்ப் பாரேன். நடை உடம்புக்கு நல்லது என்கிறார்கள்.

உன் தம்பி


ஏப்ரல் 26

டேய்,

நீ சொன்னதைக் கேட்டு நடந்துதான் போனேன். என் தம்பிக்கு என் முழங்கால்மேல் எவ்வளவு அக்கறை என்று கொட்டகை முழுக்கச் சொல்லிச் சொல்லிப் பீற்றிக்கொண்டேன். நேற்று மழை. பஸ் நிறுத்தத்துக்குப் போனேன்.

என்னைவிட உயரமாய் என் கை.

கண்ணாடிக்குப் பின்னால் விளக்கு போட்டு வைத்திருக்கிறீர்கள். ஒவ்வொரு வெடிப்பும் வாய்க்கால் மாதிரி தெரிகிறது. மேலே ‘இப்படியா?’ என்று எழுதியிருக்கிறது. பக்கத்தில் இன்னொரு கை. எலும்பே இல்லாத மாதிரி, தோலுரித்த மாதிரி, வெளிறிப்போய்ப் பளபளவென்று. அதற்கு மேலே ‘இப்படி!’ கீழே கொட்டை எழுத்தில் உன் வார்த்தை.

பக்கத்தில் குடையோடு ஒரு பெண் நின்றிருந்தாள். தோழியிடம், “சீ, என்ன கைடி இது, பாக்கவே குமட்டுது” என்றாள். நல்ல பெண்தான், எனக்குக் குடையில் இடம் கொடுத்திருந்தாள். நான் என்ன செய்தேன் தெரியுமா? கையைப் பைக்குள் விட்டுக்கொண்டேன். இத்தனை வயசில் நான் கையை ஒளித்தது அதுதான் முதல் தடவை. உன் மாமாவுக்குப் பயந்துகூட நான் கையை ஒளித்ததில்லை.

அப்புறம் ஒல்லி வந்தாள். பார்த்துக்கொண்டே நின்றவள், “அக்கா, அந்த நல்ல கையோட சுண்டுவிரலைப் பாரு” என்றாள். பார்த்தேன். கோணல். ஐஸ் பெட்டி விழுந்த அதே கோணல். அதுவும் என் கைதான். கம்ப்யூட்டரில் வைத்துத் தேய்த்திருக்கிறீர்கள். முள் கிழித்ததை அழித்தீர்கள், வெடிப்பை அழித்தீர்கள், நகத்துக்குச் சுண்ணாம்பு அடித்தீர்கள், கோணலை மட்டும் மறந்துவிட்டீர்கள். உன் கிரீம் செய்த கை இல்லை அது! பூசினது ஒரே ஒரு நாள், அதிலும் விலாங்கு ஓடிப்போனது.

எது அதிகம் அருவருப்பாக இருந்தது என்று கேட்டால், அந்த இரண்டாவது கைதான். செத்து ஐஸில் கிடக்கிறது மாதிரி இருக்கிறது.

அம்மா போனதற்குப் பிறகு சோறு போட்ட கை என்று எழுதினாயே. அந்த வரியை எழுதும்போது உன் விரல் வழுக்கவில்லையா?

அந்தப் படத்தை எடுக்கச் சொல். எடுக்கவில்லை என்றால் எனக்குத் தம்பி என்று ஒருத்தன் இருந்தான், வழுக்கி விழுந்துவிட்டான் என்று சொல்லிக்கொள்வேன்.

அக்கா


மே 3

அன்புள்ள அக்கா அவர்களுக்கு,

தங்கள் கடிதம் கண்டு மிகவும் வருந்தினேன். தங்கள் மனம் புண்பட்டிருக்குமானால் அதற்காக வருந்துகிறேன். இதில் யாருடைய தவறு என்று ஒருவரைக் குறிப்பிட்டுச் சொல்வது கடினம். சூழ்நிலை அப்படி அமைந்துவிட்டது. படம் தொடர்பான முடிவுகள் பலர் சேர்ந்து எடுப்பவை. ஒருவகையில் பார்த்தால், தங்கள் கை பல ஊர்களில் பலர் பார்வைக்குப் போயிருப்பது பெருமைக்குரியதாகவும் கொள்ளலாம். உழைக்கும் கைகளுக்குச் செய்யப்பட்ட மரியாதை என்றும் ஒரு கோணத்தில் சொல்லலாம்.

படத்தை அகற்றுவது குறித்து உரிய நேரத்தில் உரியவர்களிடம் பேச முயல்கிறேன். தங்களுக்கும் தங்கள் தோழியருக்கும் ஒரு பெட்டி கிரீம் அனுப்பச் சொல்லியிருக்கிறேன்.

தங்கள் அன்புத் தம்பி


மே 10

தங்கள் தம்பி அவர்களுக்கு,

எப்போதிலிருந்துடா நான் உனக்குத் ‘தங்கள்’ ஆனேன்? காது திருகின அக்காவை ‘நீ’ என்று கூப்பிடக் கூசுகிறதோ?

உன் லெட்டரை மூன்று தடவை படித்தேன். எங்கே பிடித்தாலும் நழுவுகிறது. ஒல்லியிடம் கொடுத்தேன், அவள் கையிலிருந்தும் நழுவியது. மேஸ்திரி வாங்கிப் படித்துவிட்டு, “நல்லா எழுதியிருக்காரே, யாரு இவரு?” என்றான். அவனுக்குப் பிடித்திருக்கிறது, பார்த்துக்கொள்.

அதை இந்த உறையிலேயே திருப்பி அனுப்பியிருக்கிறேன். விலாங்கு வழித்த கையை அதில் நன்றாகத் துடைத்திருக்கிறேன், இரண்டு பக்கமும். போய்ச் சேருகிறதற்குள் ஊறியிருக்கும். தொட்டுப் பார். முகர்ந்தும் பார். சளி எது, எழுத்து எது என்று பிரிக்க முடிந்தால் நீ கெட்டிக்காரன்.

கிரீம் பெட்டி வந்தது. குழாயடி சோப்பு டப்பாவுக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறோம். ஒருத்தியும் தொடவில்லை. அதன்மேலும் ஒரு முடி விழுந்துவிட்டது.

படத்தை எடுக்கிறது இருக்கட்டும். ஒன்று மட்டும் கேட்கிறேன், ஆமா, இல்லை என்று ஒரு வார்த்தையில் பதில் எழுது. என் கைப் படத்தைப் பிரித்துப் பார்த்தபோது உனக்குக் குமட்டியதா?

‘சூழ்நிலை’ என்று ஆரம்பித்தாயோ, அடுத்த உறையில் விலாங்கே வரும்.

அக்கா


மே 19

அக்கா,

ஆமா.

இதை எழுதிவிட்டு, ‘கையைப் பார்த்து இல்லை, என்னை நினைத்துத்தான் குமட்டியது’ என்று அடுத்த வரி எழுதினேன். படிக்க நன்றாக இருந்தது. அடித்துவிட்டேன். கையைப் பார்த்துத்தான் குமட்டியது.

முதலாளி அதைத் திரையில் பெரிதாக்கிக் காட்டினார். எல்லோரும் “சீ” என்றார்கள். நானும் சொன்னேன். “யாரு கை இது?” என்று ஒருத்தர் கேட்டார். “யாரோ மீன்கார பொம்பள” என்றேன். நீ கேட்காததையும் சேர்த்துச் சொல்கிறேன், இல்லாவிட்டால் இந்த ‘ஆமா’ கூட வழுக்கிவிடும்.

படத்தைக் கேட்டபோது எதற்கென்று எனக்குத் தெரியும். அம்மா பெயரைச் சொன்னால் நீ கொடுத்துவிடுவாய் என்பதும் தெரியும்.

உன் உறையை ஆபீஸில் எல்லோரும் இருக்கும்போது பிரித்தேன். ஜன்னல் எல்லாம் திறந்தார்கள். ஒருத்தர் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடினார். “என்னய்யா கருமம் இது?” என்று முதலாளி கத்தினார். “எங்க அக்கா லெட்டர்” என்றேன். “எந்த அக்கா?” என்றார். சுவரில் ஒட்டியிருந்த விளம்பரத்தைக் காட்டினேன். “அந்த அக்கா. ரெண்டு கையும் அவளுதுதான்” என்றேன். அப்புறம் முதலாளி, “வெளியே சொல்லிடாதே” என்றார்.

படத்தை எடுக்க மாட்டார்களாம். இடத்தை மழைக்காலம் முடியும்வரை பிடித்துவிட்டார்களாம். இரண்டு தடவை கேட்டேன், மூன்றாம் தடவை கேட்டால் என்னை எடுத்துவிடுவார்கள். நான் வேலையை விடவில்லை. விட தைரியம் இல்லை.

என் கையில் அந்த நாற்றம் இன்னும் போகவில்லை. கிரீம் போட்டுக் கழுவியும் போகவில்லை.

வரட்டுமா என்று கேட்க வாய் வரவில்லை.

தம்பி


மே 27

டேய் மொட்டை,

‘ஆமா’ என்று படித்ததும் லெட்டரை ஐஸ் பெட்டிக்குள் வீசினேன். ஒல்லி எடுத்து உதறிக் காயவைத்தாள். மிச்சத்தை மறுநாள்தான் படித்தேன்.

எனக்கும் என் கையைப் பார்த்தால் சில நாள் குமட்டும்டா. அதை நீ சொன்னதில் எனக்கு ஒன்றும் குறைந்துவிடவில்லை. ‘யாரோ பொம்பள’ என்றாயே, அதுதான் தொண்டையில் நிற்கிறது. கீழேயும் இறங்கவில்லை, வெளியேயும் வரவில்லை. எத்தனையோ குடலைக் கழுவியிருக்கிறேன், இப்படி ஒரு வாடை எதிலும் வந்ததில்லை.

நடக்கிறதை விட்டுவிட்டேன். பஸ்ஸில்தான் போகிறேன். அந்தக் குடைப் பெண்ணை மறுபடியும் பார்த்தேன். இந்தத் தடவை கையைப் பையிலிருந்து எடுத்துக் கண்ணாடிமேல் வைத்தேன், இரண்டு கைக்கும் நடுவில். “பாரும்மா, இதுவும் என் கை, அதுவும் என் கை. இந்தப் பக்கம் கடல் செஞ்சது, அந்தப் பக்கம் என் தம்பி செஞ்சது” என்றேன். அவள் சுண்டுவிரல் மூன்றையும் மாற்றி மாற்றிப் பார்த்தாள். “அய்யோ, ஆமா ஆன்ட்டி!” என்றாள். “தொட்டுப் பாக்கட்டுமா?” என்று கேட்டுத் தொட்டும் பார்த்தாள். உடனே மூக்கைப் பொத்திக்கொண்டு, “அய்யே, மீன் நாத்தம்” என்றாள். சிரிப்பு வந்துவிட்டது. அவளும் சிரித்தாள். வாடை அடித்தால் அடிக்கிறது என்று சொல்ல அவளுக்கு ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. உனக்கு மார்ச்சிலிருந்து மே வரைக்கும் ஆனது.

இப்போது பஸ் வருகிறவரைக்கும் தினமும் அதுதான் என் வேலை. யார் நின்றாலும் கூப்பிட்டுக் கோணலைக் காட்டுகிறேன். ‘வெளியே சொல்லிடாதே’ என்று உன் முதலாளி உன்னிடம்தானே சொன்னார், என்னிடம் சொல்லவில்லையே. மழைக்காலம் முடிகிறவரைக்கும் படம் அங்கேயே இருக்கட்டும்.

வேலையை விட்டேன், தியாகம் செய்தேன் என்று எழுதியிருந்தால் நம்பியிருக்க மாட்டேன். தைரியம் இல்லை என்று எழுதினாய் பார், அந்த இடத்தில் காகிதம் சொரசொர என்று இருந்தது. ஐஸ் தண்ணீர் பட்டுக் காய்ந்ததால் என்கிறாள் ஒல்லி. எனக்கென்னவோ இந்த லெட்டர்தான் முதல் முதலாகக் கையில் நின்றது.

வா. கேட்க வாய் வராவிட்டால் வாயை அங்கேயே விட்டுவிட்டு வா. டப்பா எதுவும் கொண்டு வராதே. சோறு போடுகிறேன், குமட்டினால் திரும்பி உட்கார்ந்து சாப்பிடு. ஆனால் அதற்கு முன்னால் அந்த ‘யாரோ பொம்பள’க்கு மண்டையில் ஒன்று வாங்கிக்கொள்ள வேண்டும். உன் மண்டை வழவழ, யார் அடித்தாலும் அடி நழுவிப் போகும் என்ற தைரியத்தில் வராதே.

என் கை நழுவாது.

அக்கா